ஜன்னல் சீட்டுக்காரி படித்த கதை

கிறிஸ்டினாவை ஓர் இடத்தில் உட்கார வைப்பது யாராலும் ஆகாத காரியம். சர்ச்சில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போய், வாசலில் கலைந்து கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்துவிட்டு வருகிறவள். அப்படிப்பட்டவளுக்கு அணைக்கட்டிலிருந்து ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி வரைக்கும் காலையும் மாலையும் கம்பெனி பஸ்ஸில் அடைந்து கிடப்பது பெரிய தண்டனை. மற்ற பெண்கள் ஏறியதும் போனைத் திறந்து ரீல்ஸ் பார்ப்பார்கள், இல்லையென்றால் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். இவள் போனைத் திறப்பாள், மூடுவாள், பையைக் கொட்டி மறுபடி அடுக்குவாள், டிரைவரிடம் போய் ஏன் இன்னும் பள்ளிகொண்டா வரவில்லை என்று கேட்டுவிட்டு வருவாள்.

"இன்னாக்கா, பேய் புடிச்சிக்கிச்சா?" என்று பின் சீட்டிலிருந்து எழிலரசி கேட்பாள். எழிலரசிக்கு வயது இருபத்தி மூன்று. ஊர் வம்பு எல்லாம் அவள் காதைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

ஆனால் அந்த வருஷம் ஆடி மாதத்திலிருந்து கிறிஸ்டினாவைப் பிடித்து ஆட்டியது பேய் அல்ல, மோகனா.

மோகனாவும் அவளும் ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தவர்கள், ஒரே வயது. மோகனாவுக்கு பஸ் என்றால் குமட்டும், அதனால் ஜன்னல் சீட் எப்போதும் அவளுக்கு. பக்கத்து சீட் கிறிஸ்டினாவுக்கு. மோகனா தையல் லைனில் மெஷின் ஓட்டுகிறாள். கிறிஸ்டினா அதே லைனின் கடைசியில் செக்கிங் டேபிளில் நின்று, ஷூவின் மேல்பாகம் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து நூல் வெட்டி, பசைக் கறை இருந்தால் திருப்பி அனுப்புகிறாள். லைனுக்கு சூப்பர்வைசராக இருந்த பெருமாள் பொங்கலோடு வேலையை விட்டுப் போவதாகச் சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு மோகனா வர வேண்டும் என்று கிறிஸ்டினாவுக்கு ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, வெறி.

மேனேஜர் வக்கார் அகமதுவுக்கும் அதில் மறுப்பு இல்லை. செக்கிங் டேபிளுக்கே வந்து சொன்னார். "மோகனா கை சுத்தம்மா. ஆளுங்கள சத்தம் போடாம வேலை வாங்குது. ஆனா பெருமாள் இல்லாத நேரத்துல, ஷூ வாங்குற வெளிநாட்டு பையர் கிட்டேர்ந்து இங்கிலீஷ்ல ஏதாச்சும் வந்தா போதும், போனை எடுத்துக்கினு உங்ககிட்ட ஓடி வந்துடுது. லைனை உட்டுட்டு சூப்பர்வைசர் ஓடிக்கினு இருந்தா ஆகுமா? பொங்கலுக்குள்ள தானா படிக்கட்டும், நானே அவங்க பேரை எழுதுறேன். இல்லன்னா வெளியேர்ந்து டிப்ளமா படிச்ச ஆளைப் போட்டுடுவாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. மோகனா பிளஸ் டூ பாஸ். எழுத்துக் கூட்டுவாள். ஆனால் மூன்றாவது வார்த்தைக்கு வருவதற்குள் முதல் வார்த்தை அவளை விட்டு ஓடிப்போயிருக்கும். ஒரு முழு வாக்கியத்தைப் பார்த்தாலே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். கிறிஸ்டினாவுக்கு இங்கிலீஷ் வந்த கதை வேறு. வீட்டில் தமிழும் இங்கிலீஷும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்த பைபிள் ஒன்று கிடந்தது. சும்மா இருக்க முடியாத கண், இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி என்று மேய்ந்து மேய்ந்து கற்றுக்கொண்டது. தனக்கு வந்தது எல்லாருக்கும் வரும் என்று அவள் நம்பினாள். பொறுமை இல்லாதவர்களுக்கு உள்ள நம்பிக்கை அது.

வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினாள். பேர், தினம் ஒரு பக்கம். மோகனாவை மட்டும் சேர்த்தால் கூச்சப்படுவாள் என்று பஸ்ஸில் வருகிற அத்தனை பெண்களையும் சேர்த்தாள். காலையில் ஒரு சின்ன இங்கிலீஷ் கதை போடுவாள். கன்றுக்குட்டியைக் காப்பாற்றிய சிறுமி, பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வியாபாரி, இப்படி நல்ல நல்ல புத்தி சொல்லும் கதைகள். கூடவே அதற்குத் தமிழில் விளக்கம் சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ். போட்ட சூட்டோடு கட்டை விரல்கள் வரிசையாக வந்து விழும். இதயங்கள் விழும். கும்பிட்ட கைகள் விழும். கிறிஸ்டினாவுக்குத் தலைகால் புரியவில்லை. வேலூர் லாங் பஜாரில் மொத்த மளிகைக் கடையில் வேலை பார்க்கும் கணவர் இன்பராஜிடம், "எங்க பஸ்ஸே இப்ப இங்கிலீஷ் படிக்குது, தெரியுமா?" என்று பீற்றிக்கொண்டாள். அவர் முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டே, "பரவால்லயே" என்றார்.

சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. ஒருநாள் காலை அடுப்பில் சாம்பார் கொதிக்க, ஒரு கையால் கரண்டி, ஒரு கையால் போன் என்று அவசரத்தில் கதையை ஒட்டினாள், வாய்ஸை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று. பஸ் ஏறிய பிறகுதான் பார்த்தாள். போயிருந்தது கதை இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்வதற்காக எடுத்து வைத்திருந்த, புது மிக்ஸியோடு வந்த இங்கிலீஷ் குறிப்பு. ஜாரை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள், பிளேடில் கை வைக்காதீர்கள், மோட்டார் சூடானால் அரை மணி நேரம் ஆற விடுங்கள்.

அதற்குக் கீழே கட்டை விரல்கள் வரிசையாக நின்றன. இதயங்கள் நின்றன. எழிலரசி கும்பிட்டிருந்தாள். மோகனா ஒரு படி மேலே போய், "சூப்பர்டி, கண்ணுல தண்ணி வந்துடுச்சு" என்று எழுதியிருந்தாள்.

கிறிஸ்டினா பஸ்ஸின் நடுவில் எழுந்து நின்றாள். முகமெல்லாம் ரத்தம் ஏறியிருந்தது.

"யாராவது ஒருத்தி சொல்லுங்க. இன்னிக்குக் கதையில இன்னா ஆச்சு?"

கடைசியில் எழிலரசிதான் வாயைத் திறந்தாள். "அக்கா, கோச்சிக்காத. கம்பெனி லைன் குரூப்புல கட்ட வெரல் போடலன்னா காலையில நிக்க வெச்சுக் கேக்கறாங்க இல்ல? கை அதுக்கே பழகிப்போச்சு. மெசேஜ் வந்தா வெரலு தானா போய் அழுத்துது."

அது உண்மைதான். ஷிப்மென்ட் தேதியோ, ஓவர்டைமோ, குடிநீர்க் குழாய் ரிப்பேரோ, லைன் குரூப்பில் எது வந்தாலும் கட்டை விரல் விழ வேண்டும். விழாதவர்கள் பேரைப் பெருமாள் காலையில் கூப்பிட்டு வாசிப்பார். வருஷக்கணக்கில் அப்படிப் பழகிய விரல்களைத்தான் கிறிஸ்டினா வாசகர்கள் என்று நினைத்திருந்தாள்.

"கண்ணுல தண்ணி வந்துச்சாமே உனக்கு?" என்று மோகனா பக்கம் திரும்பினாள்.

மோகனா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "நீ கஷ்டப்பட்டுப் போடுற. நல்லதா நாலு வார்த்தை சொல்லலாம்னு. அதான் நீயே வாய்ஸ்ல எல்லாம் சொல்லிடுறியே, அப்புறம் எதுக்குடி நான் படிக்கணும்?"

அந்தக் கேள்வி அன்று முழுக்க கிறிஸ்டினாவின் மண்டைக்குள் குடைந்தது. செக்கிங்கில் நல்ல பீஸைத் திருப்பி அனுப்பினாள், பசை வழிந்த பீஸைப் பாஸ் செய்தாள். அவளுக்குக் கோபம் அவர்கள் மேலா, தன் மேலா என்று தெரியவில்லை. ஆனால் மாலையில் பஸ்ஸில் ஒன்றைக் கவனித்தாள். யாரோ ஒருத்தியின் நாத்தனார் வைத்த ஸ்டேட்டஸை எழிலரசி ஜூம் பண்ணி ஜூம் பண்ணிப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் பாதி இங்கிலீஷ். ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். படித்ததோடு நிற்காமல் பக்கத்தில் இருப்பவளிடம் அர்த்தமும் சொன்னாள். யாரைக் குத்தி எழுதியது என்று தெரிந்தாக வேண்டுமே!

மறுநாளிலிருந்து கன்றுக்குட்டியும் வியாபாரியும் குரூப்பை விட்டுப் போனார்கள். வாய்ஸ் மெசேஜும் போனது. கிறிஸ்டினா தானே எழுதத் தொடங்கினாள், அந்த பஸ்ஸைப் பற்றி. சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒரு டிரைவர் இருக்கிறார். அவர் மனைவிக்கு போன் செய்யும்போது மட்டும் மெதுவாக ஓட்டுகிறார். நான்காவது சீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அவள் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் பக்கத்து டிபன் பாக்ஸைப் பார்க்கிறாள். இப்படி. டைப் அடித்தால் மொழிபெயர்க்கும் பட்டனில் போட்டுவிடுவார்கள் என்று கையால் எழுதி போட்டோ எடுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். கேமராவைக் காட்டினால் தமிழில் சொல்லும் வித்தையெல்லாம் அதன் முன்னால் தோற்றுப்போனது.

பஸ் தலைகீழாக மாறிவிட்டது. ரீல்ஸ் சத்தம் அடங்கி, முணுமுணுப்பு எழுந்தது. "நாலாவது சீட்டுன்னா வலது பக்கமா, இடது பக்கமா?" "இது இன்னா வார்த்தை, ஜெலஸா?" "அடியேய், அது நீதான்டி!" அர்த்தம் கேட்டு கிறிஸ்டினாவிடம் வந்தவர்களுக்கு ஒரே பதில்தான். "தெரியாது. போய்ப் படி." திட்டிக்கொண்டே போய்ப் படித்தார்கள்.

ஒரே ஒருத்தி தவிர. மோகனா படிக்கவில்லை. எழிலரசி முன்னால் எட்டிப் பார்த்துக் கதை சொல்ல, இவள் ஜன்னலோரம் சாய்ந்து கேட்டுச் சிரிப்பாள். கார்த்திகை போய் மார்கழி வந்தது. பையர் மெயில் வந்தால் இன்னமும் செக்கிங் டேபிளுக்கு ஓடி வந்தாள். கம்பெனி கேட்டில் பெருமாளுக்கு வழியனுப்பு விழா எந்த நாள் என்று பேச்சு அடிபட ஆரம்பித்தது. கிறிஸ்டினாவுக்குச் சோறு இறங்கவில்லை. யாருக்காகத் தொடங்கினாளோ அவளைத் தவிர மீதி பஸ் முழுக்கப் படிக்கிறது. இதைவிட வயிற்றெரிச்சல் வேறு என்ன இருக்கிறது?

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தன்னைப் பற்றி எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் மோகனா படித்தே தீருவாள்.

சனிக்கிழமைகளில் மோகனா அணைக்கட்டு வரைக்கும் வருவதில்லை. வழியில் பள்ளிகொண்டாவிலேயே இறங்கிக்கொள்வாள். கேட்டால், "சின்ன வேலை" என்பாள். கிறிஸ்டினாவும் தோண்டியதில்லை. அதை எடுத்து எழுதினாள். ஜன்னல் சீட்டில் ஒருத்தி இருக்கிறாள். சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு முன்பே இறங்குகிறாள். அவள் பையில் என்ன? வீட்டுக்குத் தெரியாமல் தனியாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறாள். மீதியை நாளைக்குச் சொல்கிறேன்.

சும்மா ஒரு விளையாட்டு. சிரித்துக்கொண்டேதான் எழுதினாள். ஆம்பூரில் வேலை செய்துகொண்டு பள்ளிகொண்டாவில் போய் ஒருத்தி பிரியாணி தின்பாளா என்று எல்லாரும் கேலி பண்ணுவார்கள், மோகனா வாயைத் திறப்பாள், அவ்வளவுதான் அவள் கணக்கு.

முதல் பாதி அப்படியே நடந்தது. பின்னால் ‘ஜன்னல் சீட்’ என்று முணுமுணுப்பு எழுந்ததும், மோகனா அன்று எழிலரசியைக் கேட்கவில்லை. போனை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள். உதடு அசைந்தது. ஒரு வரியில் நின்றாள், திரும்பிப் போனாள், மறுபடி வந்தாள். மாதனூர் தாண்டி ஆம்பூர் வரும் வரைக்கும் தலை நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த கிறிஸ்டினாவுக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. படிக்கிறாள்! தானே படிக்கிறாள்! தோழியின் காது ஏன் அப்படிச் சிவந்திருக்கிறது என்பதை அந்தக் கொண்டாட்டத்தில் அவள் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. தனியாகவா? தனியாக எவள் போய் பிரியாணி தின்பாள்? கூட யார்? கட்டிங் செக்‌ஷனில் மோகனாவின் ஓர்ப்படி வேலை செய்கிறாள். டீ நேரத்தில் அவள் காதுக்கு அது ஒரு ஆண்பிள்ளையோடு சேர்ந்து போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஜன்னல் சீட் காலி. அதற்கு அடுத்த நாளும் காலி. கிறிஸ்டினா போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் போனாள், கதவைத் திறந்த மோகனாவின் மாமியார், "அவ இல்ல" என்று சொல்லி முகத்தில் அடித்த மாதிரி சாத்தினாள். உள்ளே மோகனாவின் செருமல் சத்தம் கேட்டது. கிறிஸ்டினா திரும்பி நடந்தாள். எங்கே நடக்கிறோம் என்று தெரியாமல் அணைக்கட்டு பஸ் ஸ்டாண்டை இரண்டு சுற்று சுற்றினாள்.

மூன்றாம் நாள் காலை பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டிக்கொண்டிருந்தபோது எல்லார் போனும் ஒன்றாகச் சத்தம் போட்டன. தினம் ஒரு பக்கம் குரூப்பில் மோகனா. கையால் எழுதி, போட்டோ எடுத்துப் போட்டிருந்தாள். இங்கிலீஷில். தப்பும் அடித்தலும் திருத்தலும் நிறைய. ஆனால் ஒவ்வொரு வரியும் நேராக நின்றது.

ஜன்னல் சீட்டுப் பெண் நான்தான். நான் பள்ளிகொண்டாவில் இறங்குவது உண்மை. பிரியாணி பொய். அங்கே ஒரு இல்லத்தில் என் தம்பி இருக்கிறான். குடிப்பழக்கம். அவனுக்கு நான் தயிர்சாதம் கொண்டுபோகிறேன். அவன் சாப்பிடும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு வீட்டுக்குப் போவேன். என் மாமியாருக்கு இது தெரியாது. இப்போது தெரியும். கதை எழுதியவளுக்கு ஒரு கேள்வி. நீ என் பக்கத்தில் உட்காருகிறாய். என்னிடம் ஏன் கேட்கவில்லை?

தலைகள் எல்லாம் குனிந்திருந்தன. எழிலரசி திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாக நகர்த்தினாள், நடுவில் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள். ஒருத்தியும் அர்த்தம் கேட்டு கிறிஸ்டினாவின் பக்கம் திரும்பவில்லை. ஆடியிலிருந்து அவள் ஏங்கிக் கிடந்த காட்சி இதுதான். கிடைத்தபோது அவளுக்கு பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. பக்கத்துக் காலி சீட்டைக் கையால் தடவிக்கொண்டு ஆம்பூர் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் மோகனா வேலைக்கு வந்தாள். பஸ்ஸில் பின்னால் போய் எழிலரசியோடு உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓர்ப்படிகூட டிபன் பாக்ஸில் ஒரு வடையை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். கிறிஸ்டினா இருக்கும் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை.

பதினோரு மணி வாக்கில் பையரிடமிருந்து மெயில் வந்தது. அன்று பெருமாள் லீவு. வக்கார் அகமது அதை மோகனாவின் போனுக்கு அனுப்பிவிட்டு, கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். கிறிஸ்டினா செக்கிங் டேபிளில் கையில் நூல் கத்திரியோடு காத்திருந்தாள். வந்துவிடு, வந்து கேட்டுவிடு, உடனே சொல்லிவிடுகிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது. அடுத்த நொடியே, வராதே, கடவுளே அவள் வரக் கூடாது என்று அடித்துக்கொண்டது.

மோகனா லைன் நடுவில் நின்றபடியே படித்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு நேராகப் போய் நடு மெஷினை நிறுத்தச் சொன்னாள். பின்பக்கத் தையலுக்குக் கருப்பு நூல் வேண்டாம், பழுப்பு நூல் போட வேண்டும், ஏற்கெனவே தைத்ததைத் தனியாக எடுத்து வையுங்கள் என்றாள். வக்கார் அகமது வெளியே வந்தார்.

"கிறிஸ்டினாம்மா கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல சார். நானே படிச்சேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். பெருமாளின் இடம் யாருக்கு என்பது அன்றைக்கே லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் கிறிஸ்டினா கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில் மோகனாவைப் பிடித்தாள். நினைத்து வைத்த பேச்செல்லாம் மறந்துபோயிருந்தது.

"மன்னிச்சிடு மோகனா. உன்னப் படிக்க வெக்கணும்னு... அது ஒண்ணுதான் என் மண்டையில இருந்துச்சு. உன்ன நெனைக்கவே இல்ல."

மோகனா குழாயை மூடினாள். கை ஈரத்தை உதறினாள்.

"அஞ்சு தடவ படிச்சேன் அன்னிக்கு. ஒரு வார்த்தை யாரையும் கேக்கல. வாழ்க்கையில நானே முழுசாப் படிச்ச மொத இங்கிலீஷு, என்னப் பத்தின பொய்யி. அதுதான்டி எனக்கு ஆறல."

கிறிஸ்டினாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. அங்கேயே, கைகழுவ வந்த ஐம்பது பேருக்கு நடுவில் அழுதாள். மோகனா அவளைத் தேற்றவும் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் பக்கத்துக் குழாய்க்கு நகர்ந்தார்கள்.

"குரூப்ப மூடிடுறேன்" என்றாள் கிறிஸ்டினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மூடுவியா? பஸ்ஸுல அதுங்க கதையில்லாம பேஜாராயி காலையிலேர்ந்து என்னை நச்சரிக்குதுங்க." மோகனா டிபன் பாக்ஸைத் துடைத்து மூடினாள். "மன்னிச்சிட்டேனா இல்லையான்னு எனக்கே இன்னும் தெரியல. தெரிஞ்சா சொல்றேன். ஆனா நீ அடுத்தது எழுதினா, குரூப்புல போடுறதுக்கு முன்ன எனக்கு அனுப்பு. படிச்சுப் பாத்துட்டு, போடலாமா வேணாமான்னு நான் சொல்றேன்."

சொல்லிவிட்டு லைனுக்குப் போனாள்.